32-ஐக் கழிக்காதீர்கள்!

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் மெஸ் பத்தி மட்டும் எழுதிடாதீங்க, அதை ஏற்கெனவே ஆறு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சரி, மெஸ் போகட்டும். இரண்டாம் ஆண்டு தெர்மோ வகுப்பில் ஐந்தே நிமிடத்தில் நாம் எல்லோரும் தாண்டிப் போன ஒரு விஷயத்தை எழுதுகிறேன். கெல்வின் அளவிலிருந்து ரேங்கின் அளவுக்கும், அங்கிருந்து இங்கேயும் வெப்பநிலையை மாற்றுகிற விஷயம்.

"இதுல எழுத என்ன இருக்கு? 1.8-ஆல் பெருக்கினா ரேங்கின், வகுத்தா கெல்வின், கதை முடிஞ்சுது" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சொல்வது காதில் விழுகிறது. வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஒரு வரி எனக்குச் சரியாக விளங்குவதற்கு ஒரு கம்ப்ரஸர் மூன்று தடவை நிற்க வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நான் இருந்த தொழிற்சாலையில் ஒரு பழைய அமெரிக்க ஏர் கம்ப்ரஸர், இரண்டு ஸ்டேஜ், பிஸ்டன் வகை. ஓவர்ஹால் முடிந்து ஓட்ட வேண்டும். முதல் ஸ்டேஜிலிருந்து வெளியே வரும் காற்று இவ்வளவு சூட்டுக்கு மேல் போனால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும் என்று ஒரு செட் பாயிண்ட் வைப்பது என் பொறுப்பு. மானுவலைப் புரட்டினால் எல்லாமே ரேங்கினில் இருந்தது. உள்ளே வரும் காற்று 540 டிகிரி, சூடேற்றம் 180 டிகிரி என்று இரண்டே எண்கள். 540-ஐ நான் ஒழுங்காகத்தான் மாற்றினேன். 459.67-ஐக் கழித்தால் ஏறக்குறைய 80 ஃபாரன்ஹீட், அதாவது 27 செல்சியஸ். அடுத்து 180. எக்செல் தாளில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஃபாரன்ஹீட் ஃபார்முலாவுக்குள் அதைப் போட்டேன். 32-ஐக் கழித்து 1.8-ஆல் வகுத்து 82 என்று கொடுத்தது. 27-உம் 82-உம் 109. பாதுகாப்புக்கு ஒரு 15 கூட்டி, 124-இல் செட் பாயிண்ட்டை வைத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினோம், மறுபடி நின்றது. டிஸ்சார்ஜ் வால்வு லீக் ஆனால் சூடு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பழி வால்வின் மேல் விழுந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஃபோர்மேனும் இரண்டு ஃபிட்டர்களும் வால்வுகளைக் கழற்றி, தேய்த்து, திரும்ப மாட்டினார்கள். காலையில் ஓட்டினால் மூன்றாவது முறையாக நின்றது. ஏர் இல்லாமல் பாதி பிளாண்ட் சும்மா நிற்கிறது. ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். எனக்கு அப்பா வயது அவருக்கு. "சார், மெஷின்ல ஒண்ணுமில்ல சார். நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். ஓவர்ஹாலுக்கு முன்னாடியும் இதே 130 சூட்டுலதான் இது ஓடிட்டு இருந்துச்சு. நீங்க வச்ச நம்பரைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். சூடேற்றம் என்பது ஒரு இடத்திற்கும் இன்னொரு இடத்திற்கும் உள்ள வித்தியாசம். அதில் 32 எங்கிருந்து வரும்? 180-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுத்தமாக 100. 540-ஐயே 1.8-ஆல் வகுத்திருந்தால் சுத்தமாக 300 கெல்வின். ஆக, வெளியே வரும் காற்று 400 கெல்வின், 127 செல்சியஸ். மானுவல் எழுதியவன் எனக்காகவே இவ்வளவு அழகான எண்களைக் கொடுத்திருக்கிறான், நான் அதற்குள் 32-ஐச் செருகியிருக்கிறேன். செட் பாயிண்ட்டை 142-க்கு மாற்றினோம். மெஷின் 131-இல் நிலைத்து ஓடியது. அந்த ஃபிட்டர்கள் இருவரும் இழந்த தூக்கத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த டீ ஈடாகாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அதற்கப்புறம்தான் இந்த 32 எங்கிருந்து வந்தது, ரேங்கினில் அது ஏன் இல்லை என்று தேடிப் படித்தேன். தேடினால் அது பூஜ்யத்தை எங்கே வைப்பது என்கிற முந்நூறு வருடக் கதையாக விரிந்தது.

ஃபாரன்ஹீட் 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தன் அளவுகோலை எழுதி அனுப்பியபோது, பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் கிடைக்கும் குளிரைப் பூஜ்யமாக வைத்தார். வெறும் பனிக்கட்டி உருகும் இடம் அதற்கு 32 டிகிரி மேலே போய் விழுந்தது. செல்சியஸ் 1742-இல் தண்ணீரை வைத்தே இரு முனைகளையும் குறித்தார். அவர் வைத்தது இன்றைக்கு நாம் படிப்பதற்கு நேர் தலைகீழ்: கொதிநிலை 0, உறைநிலை 100. பிற்பாடு மற்றவர்கள்தான் அதைத் திருப்பி வைத்தார்கள். நவச்சாரமோ தண்ணீரோ, பூஜ்யம் என்பது மனிதன் வசதிக்காக நட்ட கல். ஒருவர் நட்ட கல்லிலிருந்து இன்னொருவர் நட்ட கல்லுக்குப் போக வேண்டுமென்றால் கூட்டல் கழித்தல் இல்லாமல் முடியாது. 32-இன் பூர்வீகம் இவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்பே, 1702 வாக்கில், பாரிஸில் கியோம் அமோந்தோன் என்று ஒருவர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். இளம் வயதிலேயே காது கேட்காமல் போனவர். அடைத்து வைத்த காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் சீராக ஏறுகிறது, குளிர்வித்தால் சீராக இறங்குகிறது என்று பாதரசத்தை வைத்து அளந்தார். அப்படியானால் இறங்கிக்கொண்டே போய் அழுத்தமே இல்லாமல் போகும் ஒரு இடம் இருக்கத்தானே வேண்டும்? அவருடைய அளவுகளை இன்றைய கணக்கில் போட்டால் அது மைனஸ் 240 செல்சியஸுக்கு அருகில் வருகிறது. 1779-இல் வெளிவந்த லாம்பர்ட்டின் புத்தகம் அதை மைனஸ் 270 வரைக்கும் கொண்டுபோனது. குளிருக்கு ஒரு அடித்தளம் உண்டு, அதை யாரும் நடவில்லை, அது தானாகவே அங்கே இருக்கிறது என்பதற்கான முதல் தடயங்கள் இவை. தமிழ் வழியில் படித்தவர்கள் அதைத் தனிச்சுழி என்று படித்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு அப்ஸல்யூட் ஜீரோ.

காற்றை வைத்துக் கண்டதை வெப்பத்தின் சட்டமாக மாற்றியவர் வில்லியம் தாம்சன். கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். 1845-இல், இருபது வயதில், தாம்சன் பாரிஸில் ரெக்னோவின் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகினார். ரெக்னோ அந்தக் காலத்தில் வாயுக்களையும் நீராவியையும் அளப்பதில் மன்னன். அங்கே இருந்தபோது தாம்சன் ஒரு புத்தகத்தைத் தேடிக் கடை கடையாக அலைந்தார். 1824-இல் சாதி கார்னோ எழுதிய, நெருப்பின் இயக்கு சக்தி பற்றிய சிறு நூல். எந்தக் கடையிலும் இல்லை, கடைக்காரர்களுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. கார்னோ 1832-இலேயே, 36 வயதில், காலராவில் இறந்துபோயிருந்தார். கிளாப்பரோன் 1834-இல் எழுதிய ஒரு கட்டுரை வழியாகத்தான் தாம்சனுக்குக் கார்னோ கிடைத்தார். இன்றைக்கு ஒரு செமஸ்டரில் ஒரு யூனிட்டாக நாம் முனகிக்கொண்டே படிக்கும் கார்னோ சைக்கிள், உலகத்தின் கைவிட்டுப் போக இருந்த சரக்கு.

ஒரு நல்ல இயந்திரம் எவ்வளவு வேலை தரும் என்பது அதற்குள் இருப்பது காற்றா, நீராவியா, வேறு எதுவா என்பதைப் பொறுத்ததில்லை, சூடான பக்கத்தின் வெப்பநிலையையும் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது என்பது கார்னோ சொன்ன விஷயம். 1848-இல் தாம்சன் இதைத் திருப்பிப் போட்டார். அப்படியானால் கிடைக்கும் வேலையை வைத்தே வெப்பநிலையை வரையறுக்கலாமே, பாதரசம் எதற்கு, காற்று எதற்கு? அப்போது அவருக்கு 24 வயது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. (நாமெல்லாம் 24 வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அவரவர் நினைத்துக்கொள்ளலாம், மலரில் போட வேண்டாம்.)

அந்த 1848 அளவுகோல் நாம் இன்று பயன்படுத்தும் கெல்வின் இல்லை. ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் ஒரே அளவு வேலை என்று அவர் வைத்ததால், அதில் கீழ்ப்பக்கம் எண்ணிக்கொண்டே போகலாம், அடி வராது. ஆனாலும் அதே கட்டுரையில், காற்று வெப்பமானியில் மைனஸ் 273-க்குக் கீழே போக முடியாது என்று ரெக்னோவின் அளவுகளை வைத்துச் சொல்லியிருந்தார். முடிச்சை அவிழ்க்க உதவியவர் ஜேம்ஸ் ஜூல், மான்செஸ்டர் பக்கம் மதுபான வடிசாலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை. இருவரும் 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கூட்டத்தில் சந்தித்தார்கள். அதன் பிறகு, கல்யாணமான கையோடு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஜூலைத் தாம்சன் தற்செயலாகப் பார்த்தாராம். அப்போதும் ஜூல் கையில் வெப்பமானி, அருவித் தண்ணீர் கீழே விழுந்தால் எவ்வளவு சூடேறுகிறது என்று அளக்கக் கிளம்பியவர் என்பது பிற்காலத்தில் தாம்சன் சொன்ன கதை. 1848 டிசம்பரில் ஜூல் ஒரு கடிதத்தில், காற்று வெப்பமானியின் தனிச்சுழியிலிருந்து எண்ணிய வெப்பநிலைதான் கார்னோ கணக்கில் வரவேண்டிய அளவாக இருக்கும் என்று யோசனை சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்து, நுண்துளைகள் உள்ள அடைப்பு ஒன்றின் வழியாக வாயுவைச் செலுத்தி, உண்மையான காற்று எவ்வளவு தூரம் அந்த யோசனைக்கு ஒத்துப்போகிறது என்று வருடக் கணக்கில் அளந்தார்கள். 1854-இல் தாம்சன் தன் அளவுகோலைத் திருத்தி அமைத்தார். இயந்திரம் உள்ளே வாங்கும் வெப்பமும் வெளியே விடும் வெப்பமும் எந்த விகிதமோ, இரண்டு வெப்பநிலைகளும் அதே விகிதம். இதில் பூஜ்யம் என்றால் நிஜமாகவே பூஜ்யம்.

அடுத்த வருடமே, 1855-இல், அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் பேராசிரியராக வந்து சேர்ந்தார் வில்லியம் ஜான் மக்வார்ன் ரேங்கின். அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் தினமும் கும்பிட வேண்டிய ரேங்கின் சைக்கிளின் ரேங்கின் இவர்தான். 1859-இல் அவர் எழுதிய நீராவி இயந்திரக் கையேடு ஒரு தலைமுறை இன்ஜினீயர்களின் பாடப்புத்தகம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பட்டறையில் தொங்கியது ஃபாரன்ஹீட் வெப்பமானி. பட்டறைக்காரனை செல்சியஸுக்கு மாறச் சொல்வதைவிட, தனிச்சுழியை அவன் வெப்பமானிக்குக் கொண்டுவருவது சுலபம் என்று ரேங்கினுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஃபாரன்ஹீட் அளவோடு 461.2-ஐக் கூட்டு, தனி வெப்பநிலை கிடைக்கும் என்று எழுதினார். நம் கால மதிப்பு 459.67. தனிச்சுழி உறைநிலைக்கு 274 செல்சியஸ் டிகிரி கீழே இருக்கிறது என்று அவர் வைத்திருந்ததால் வந்த வித்தியாசம் அது. ஒன்றரை டிகிரிதான் பிசகு. நான் 18 டிகிரி பிசகியவன், அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

இந்த மனிதர் கவிதையும் எழுதுவார். மெட்ரிக் முறை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, தன்னுடைய மூன்று அடி அளவுகோலை விட்டுக்கொடுக்க மறுக்கும் ஒரு தொழிலாளி பாடுவதாக ஒரு வேடிக்கைப் பாட்டு கட்டினார். தாம்சனோ மெட்ரிக் முறைக்காக மேடையில் வாதாடியவர். பிற்காலத்தில் ஒருவர் பெயர் மெட்ரிக் உலகத்தின் அலகுக்கும், மற்றவர் பெயர் அடி-பவுண்டு உலகத்தின் அலகுக்கும் போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். தாம்சன் 1892-இல் பிரபு பட்டம் பெற்றபோது எடுத்துக்கொண்ட பெயர் கெல்வின். அது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் ஒரு சிற்றாற்றின் பெயர். ரேங்கின் 1872-இலேயே காலமாகிவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே கட்டடத்தின் ஒரே அடித்தளத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒருவர் படி உயரம், இன்னொருவர் படி தாழ்வு. கெல்வினின் ஒரு படி ஏறுவதற்குள் ரேங்கின் 1.8 படி ஏறியாக வேண்டும். அடித்தளம் ஒன்றே என்பதால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இங்கே வேலையில்லை. பனிக்கட்டி உருகுவது 273.15 கெல்வின், 491.67 ரேங்கின். தண்ணீர் கொதிப்பது 373.15, 671.67. விமான இன்ஜின்காரர்கள் அடிப்படையாக வைக்கும் 15 செல்சியஸ் என்பது 288.15 கெல்வின், 518.67 ரேங்கின். எந்த ஜோடியை எடுத்து வகுத்தாலும் 1.8 வரும். இன்னொரு வசதி, வித்தியாசத்தையும் இதே 1.8-ஆல் மாற்றலாம். செல்சியஸ்-ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலைக்கு ஒரு ஃபார்முலா, வித்தியாசத்துக்கு வேறு ஃபார்முலா. அந்த இடத்தில்தான் நான் வழுக்கினேன்.

பூஜ்யம் எங்கே என்பது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. நீராவி 540 செல்சியஸ், கண்டென்சர் 40 செல்சியஸ். கார்னோவின் உச்ச வரம்பு என்ன? கெல்வினில் 313.15-ஐ 813.15-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 61.5 சதவிகிதம். ரேங்கினில் 563.67-உம் 1463.67-உம். விடை அதே 61.5. இப்போது அதையே செல்சியஸில் போட்டுப் பாருங்கள்: 92.6 சதவிகிதம்! ஃபாரன்ஹீட்டில் 89.6! ஒரே பாய்லர், ஒரே கண்டென்சர், வெப்பமானியை மாற்றினால் திறன் மாறிவிடுமா என்ன? நம் தெர்மோ வாத்தியார் விடைத்தாளில் இந்த 92.6-ஐப் பார்த்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "உடனே பேட்டன்ட் எடுக்கவும்" என்று எழுதுவார். அதை வாங்கியவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு மின் நிலையத்தில் பெரிய பதவியில் இருக்கிறார்கள்.

வாயு மாறிலியில் ஒரு தமாஷ் உண்டு. கலோரி, கிராம் மோல், கெல்வினில் அதன் மதிப்பு 1.986. பி.டி.யு., பவுண்டு மோல், ரேங்கினில் எழுதினாலும் அதே 1.986. காரணம் எளிது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு செல்சியஸ் டிகிரி சூடாக்குவது கலோரி, ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்குவது பி.டி.யு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. நான் படித்தபோது லைப்ரரியில் இருந்த பழைய அமெரிக்கப் புத்தகத்தில் இதைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று பென்சிலால் குறித்து வைத்தேன். அந்தப் புத்தகம் இன்னும் அங்கே இருந்தால் யாராவது தயவு செய்து அழித்துவிடவும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஐரோப்பியத் தாள்களில் டிகிரிக்குப் பக்கத்தில் 'ஆர்' என்று இருந்தால் அது ரேங்கினாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ரெயோமுர் என்ற பிரெஞ்சுக்காரரின் அளவும் அதே எழுத்துதான். அதில் உறைநிலை 0, கொதிநிலை 80. தனிச்சுழிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

தாம்சன் 1854-இலேயே இன்னொன்றும் சொல்லியிருந்தார். பூஜ்யம் இயற்கையிலேயே இருக்கும்போது, அளவுகோலை நிறுத்த உறைநிலை, கொதிநிலை என்று இரண்டு புள்ளிகள் தேவையில்லை, ஒன்று போதும், ஒரு நாள் அதற்குத்தான் எல்லோரும் வர வேண்டியிருக்கும் என்று. 1939-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜியோக் அதே யோசனையைத் திரும்பக் கிளப்பினார். சரியாக நூறு வருடம் கழித்து, 1954-இல், எடைகள் அளவுகளுக்கான பத்தாவது சர்வதேச மாநாடு ஒப்புக்கொண்டது. பனி, தண்ணீர், ஆவி மூன்றும் சேர்ந்து இருக்கும் முப்புள்ளி 273.16 கெல்வின், தீர்ந்தது. கொதிநிலை அன்றோடு பதவி இழந்தது. இன்று துல்லியமாக அளந்தால் தண்ணீர் ஏறக்குறைய 99.97-இலேயே கொதிக்கிறது. 1967-இல் 'டிகிரி கெல்வின்' என்பதில் இருந்த டிகிரியும் போய், வெறும் கெல்வின் ஆயிற்று. 2019 மே 20 முதல் தண்ணீரும் போய்விட்டது. போல்ட்ஸ்மன் மாறிலியை 1.380649 × 10⁻²³ ஜூல் பெர் கெல்வின் என்று நிலைநிறுத்தி, அதிலிருந்து கெல்வினை எடுக்கிறார்கள். ரேங்கினுக்குத் தனியாக எந்த மாநாடும் கிடையாது. கெல்வினில் ஒன்பதில் ஐந்து பங்கு என்று அதன் நிழலிலேயே காலம் தள்ளுகிறது. ஆனாலும் அமெரிக்கக் கம்ப்ரஸர், டர்பைன் தாள்களில் விடாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாதிரி கம்பெனிக்கு வேலைக்குப் போகிற தம்பிகள் ஒரு நாள் அதைச் சந்திக்கத்தான் போகிறார்கள்.

செட் பாயிண்ட்டைத் திருத்திய அன்று அந்த மானுவலில், 180 என்று இருந்த வரிக்குப் பக்கத்தில், "வகுத்தல் 1.8 மட்டும், 32 கிடையாது" என்று எழுதித் தேதியும் போட்டு வைத்தேன். இரண்டு வருடம் கழித்து அடுத்த ஓவர்ஹாலுக்கு மானுவலைத் திறந்தபோது, அதற்குக் கீழே ஃபோர்மேனின் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. "சூடு 130 வரை போகும். வால்வைக் கழட்டாதே."